சொட்டுக்குக் கீழே உட்காராத வௌவால்

அந்தக் காலத்தில், விலங்குகளெல்லாம் நம்மைப் போலவே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, வௌவாலும் பறவைகள் மாதிரி கிளைமேல் உட்கார்ந்துதான் தூங்கும்.

ஒரு தடவை மூன்று வருஷம் மழையே இல்லை. பூவாயி என்ற வௌவாலுக்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பால் வற்றிவிட்டது. சுண்ணாம்புக்கல் மலைக்குள் ஒரு குகை, அதற்குள் தண்ணீர் சொட்டுகிறது என்று கேள்விப்பட்டாள். குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு உடும்பும் வந்தான்.

குகையா அது! ஒரு பொந்துக்குள் புகுந்தால் மூன்று பொந்து. அதில் இரண்டு பாறையில் முட்டிக்கொண்டு நிற்கும். போவது, திரும்புவது, மறுபடியும் போவது. இருட்டில் நாள் கணக்கே தெரியவில்லை.

"அண்ணே, இன்னும் எவ்வளவு தூரம்?"

"என்னைக் கேட்டா? நான் என்ன இந்த ஊர்லயா பொண்ணு எடுத்தேன்?"

கடைசியில் ஒரு பெரிய கூடம். மேலிருந்து சொட்டு, சொட்டு என்று சத்தம். உடும்பு நேரே அதன் கீழே போய் உட்கார்ந்து வாயைத் திறந்தான்.

"வா தங்கச்சி, நீயும் உட்காரு. அப்பாடா, இனி எழுந்திருக்கவே மனசு வராது."

பூவாயி பக்கத்திலிருந்த கல்மேட்டில் சாய்ந்தாள். கல்லுக்குக் காது இருந்தது. தடவிப் பார்த்தாள். முயல்! வாய் மேலே பார்த்துத் திறந்திருந்தது. அடுத்த கல்லில் மான்கொம்பு.

"அண்ணே, எந்திரிங்க! இதுங்களும் நம்மள மாதிரி தாகத்தோட வந்ததுங்கதான். சொட்டுல சுண்ணாம்பு இருக்கு. உட்கார்ந்தவங்கள அப்படியே மூடிருது!"

"இன்னும் ஒரே ஒரு சொட்டு, தங்கச்சி."

அவன் முதுகு அதற்குள் சொரசொரவென்று இறுகியிருந்தது. வாலைப் பிடித்து இழுத்தாள். உடும்பாயிற்றே, தரையைப் பிடித்த பிடி தளரவில்லை.

"என்னை விடு. குட்டி அழுகையையே நிறுத்திருச்சு பாரு."

ஆமாம், நிறுத்தியிருந்தது. பூவாயிக்கோ சிறகு அடிக்கவே தெம்பில்லை. தரையில் உட்கார்ந்தால் கல். அடித்துப் பிடித்துக் கூரைக்குப் பறந்தாள். கால் நகங்களால் பாறையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கினாள். கல்நுனியில் திரண்ட சொட்டை, விழுவதற்கு முன்பே நக்கினாள். இன்னொன்று. இன்னொன்று. எத்தனையோ சொட்டுக்குப் பிறகு பால் சுரந்தது. குட்டி சப்பும் சத்தம் கேட்டதும் இரண்டு சிறகாலும் அதை மூடிக்கொண்டாள். எத்தனை நாள் தூக்கமோ, தொங்கியபடியே கண் சொருகிவிட்டது.

அன்றிலிருந்துதான் வௌவால் தன் குட்டியை நெஞ்சோடு மூடிக்கொண்டு தலைகீழாகத் தூங்குகிறது. எவ்வளவு அசதி என்றாலும், தரையில் மட்டும் உட்காராது.