ராமுத்தாய் வீசிய கம்பு

அழகுமலை வாத்தியாரைவிட அவருடைய சீடர் சங்கிலிமுத்து ரொம்பவே மூத்தவர். சிலம்பக் கூடத்தில் வயதை யார் கேட்டார்கள்? வித்தை தெரிந்தவர் வாத்தியார், அவ்வளவுதான்.

மாரடைப்பு வந்து, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, சங்கிலிமுத்து அன்றுதான் மறுபடி கூடத்துக்கு வந்திருந்தார். மெதுவாக வீசலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் கம்பைத் தூக்கியதும் கை அப்படியே நின்றுவிட்டது. ஊரே மெச்சிய கை அது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“வாத்தியாரே, இந்தப் பயம் எப்பப் போகும்?”

வாத்தியார் வாசலைப் பார்த்தார். அங்கே சங்கிலிமுத்துவின் மனைவி ராமுத்தாய், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். கணவர் கம்பை ஓங்கும்போதெல்லாம் அவள் முகம் வெளுத்தது.

“மதினி, உள்ள வாங்க.”

“அவ எதுக்கு வாத்தியாரே? நோவு எனக்குத்தானே வந்துச்சு?”

வாத்தியார் ராமுத்தாயிடம் ஒரு கம்பை நீட்டினார். “அண்ணன் கம்பு மேல அடிங்க.”

“ஐயோ, அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?”

“அடிங்க மதினி. அவர் தாங்குவாரு.”

அவள் கொசு அடிப்பதுபோல ஓர் அடி அடித்தாள். சங்கிலிமுத்து தடுத்தார். அடுத்தது விழுந்த வேகத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது.

“நீங்க தூங்கையில மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டே கிடக்கேன்,” என்றாள். கண் நிறைந்திருந்தது. “யார்கிட்டப் போய்ச் சொல்ல?”

“நான் எங்கடி தூங்குனேன்? நீ பயந்துருவேன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி ஓங்கினாள். அவர் கம்பைச் சுழற்றினார். இந்தத் தடவை கை நிற்கவில்லை.

லேசாக வியர்த்து உட்கார்ந்தபோது சங்கிலிமுத்துவுக்குப் பெருமை பிடிபடவில்லை. “பார்த்தீங்களாப்பா, என் பொண்டாட்டி அடியை,” என்று கூடத்தில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னார். ராமுத்தாய்க்கு வெட்கம்தான். ஆனாலும் கம்பைக் கீழே வைக்கவில்லை.

“பயம்னு சொன்னது நானு. கம்பை ஏன் அவகிட்டக் கொடுத்தீங்க வாத்தியாரே?”

“அன்னைக்கு உங்க வீட்டுல ரெண்டு நெஞ்சு வலிச்சுச்சுண்ணே. ஆஸ்பத்திரியில ஒண்ணைத்தான் பார்த்தாங்க.”