கொன்றை பூக்காத ஆண்டில் பெய்த மழை

ஒரு காட்டில் ஒரு குட்டை இருந்தது. காடு என்றதும் இருட்டும் அருவியும் யானையும் நினைவுக்கு வந்தால், குழந்தைகளே, தயவுசெய்து அவற்றை அழித்துவிடுங்கள். இது வறண்ட முள்காடு. வன்னி, இலந்தை, உடைமரம், கள்ளி, நடுவில் ஒரே ஒரு சரக்கொன்றை. மொத்தம் நூற்றுப் பதினேழு மரங்கள். கள்ளியை மரத்தில் சேர்க்கலாமா என்று நானும் மூன்று நாள் யோசித்தேன். நல்லவேளை, இப்படி யோசிப்பதற்கென்றே கதைக்குள் ஒருவர் இருக்கிறார்.

அவர்தான் முள்ளம்பன்றிப் பண்டிதர்.

அந்தக் காட்டில் ஆண்டுக்கு ஒரு பருவம்தான் மழை. அதைக் குட்டையில் பிடித்து வைத்தால்தான் மற்ற மாதங்களில் தண்ணீர். ஆகவே மழைக்குச் சற்று முன்பு எல்லா விலங்குகளும் கூடிக் குட்டையைத் தூர் வாரும். காட்டுப்பன்றி மூக்கால் கிளறும். முயல் பின்னங்காலால் தள்ளும். எறும்புகள் ஆளுக்கொரு மண்துளி சுமக்கும்.

மிகவும் முந்தி வாரினால் புழுதிக்காற்று மறுபடியும் மூடிவிடும். அதனால் பண்டிதர் நாள் குறிக்கும்வரை எவரும் குட்டைக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தவருக்கு, வன்னி மரத்தடியில் கூடும் சந்தையில் ஒரு மாதம் இடமில்லை. அது காட்டு வழக்கம்.

பண்டிதரின் விதி எளியது. கொன்றையில் முதல் பூ விரிந்த முப்பதாம் நாள் தூர் வார வேண்டும். நாற்பதாம் நாள் மழை.

அது அவருடைய மூதாதையர் கண்ட விதி. மழை பெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு முள்ளை உடம்பிலிருந்து பிடுங்கி வளையின் சுவரில் குத்தி வைப்பது அந்தக் குடும்பத்தின் பழக்கம். முள் சாயாமல் நிற்க வேண்டுமே என்று சுவருக்குக் களிமண் பூசி, தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துத் தேய்த்து, அதைப் பானையின் உட்புறம்போல் ஆக்கியிருந்தார்கள். குட்டைக்குக் கீழே, சரிவில் இருந்தது அந்த வளை. காட்டிலேயே அதுதான் ஆழமானது.

விதி பல காலம் பிசகவில்லை. பிறகு வெயில் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. ஒருமுறை கொன்றை இரண்டு மாதம் முந்திப் பூத்தது. மழையோ தொண்ணூறாம் நாள் வந்தது.

"விதி சரி. மழைதான் தாமதம்" என்றார் பண்டிதர். அது முதல் விலக்கு.

அடுத்த ஆண்டு கொன்றை இருமுறை பூத்தது. மழை வரவேயில்லை.

"இரண்டு பூப்பும் ஒன்றையொன்று ரத்து செய்துவிட்டன" என்றார். அது இரண்டாம் விலக்கு.

இப்படியே ஒரு விதிக்கு ஏழு விலக்குகள் சேர்ந்தன. விலக்குகள் கூடக் கூடப் பண்டிதரின் பெருமையும் கூடியது. அதிகம் படித்தால் அப்படித்தான் ஆகும். சொல்பவனுக்கு அனுபவம் உண்டு.

இந்த ஆண்டு கொன்றை பூக்கவே இல்லை. மொட்டுகள் காம்பிலேயே கருகின.

வன்னி மரத்தடிச் சந்தையும் கருகிவிட்டது என்றே சொல்லலாம். பூ இல்லாததால் தேனீக்களிடம் தேன் இல்லை. இலந்தைப்பழம் காயாகவே சுருங்கி உதிர்ந்தது. புதிதாக வந்த சரக்கு ஒன்றே ஒன்றுதான்: நிழல். பாறை இடுக்கில் விழும் நிழலைக் குள்ளநரி வளைத்துப் போட்டிருந்தது.

"உட்கார ஒரு கிழங்கு. படுக்க இரண்டு" என்றது நரி.

"நிழலுக்கு விலையா? வெட்கமாக இல்லையா உனக்கு?" என்று கேட்டாள் எறும்புத் தலைவி.

"போன ஆண்டு எல்லா மரத்திலும் இலை இருந்தது, தாயே. நான் வாயைத் திறந்தேனா? இப்போது இங்கே மட்டும்தான் நிழல். கோபம் இருந்தால் வெயிலிடம் போய்ச் சொல்."

அப்போது ஒரு கல்கௌதாரி வந்து இறங்கினான். மண் நிறத்தில், புறா அளவில் இருக்கும் பறவை அது. அவனுக்கு மூன்று குஞ்சுகள். குஞ்சுகளுக்குப் பறக்கத் தெரியாது. அவன்தான் தொலைவில் இருக்கும் ஏரிக்குப் பறந்து, தண்ணீரில் மார்பை அமிழ்த்தி, இறகில் ஊறிய நீரோடு திரும்புவான். குஞ்சுகள் அந்த இறகை உறிஞ்சிக் குடிக்கும். குட்டை நிறைந்துவிட்டால் இந்தப் பாடே இல்லை.

"பண்டிதரே, ஏரி பின்வாங்கிக்கொண்டே போகிறது. தினமும் இன்னும் கொஞ்சம் தூரம் பறக்கிறேன். இன்று திரும்பி வருவதற்குள் என் மார்பு பாதி உலர்ந்துவிட்டது. மூன்றாவது குஞ்சுக்கு எதுவும் மிஞ்சவில்லை. குட்டையைத் தூர் வார நாள் சொல்லுங்கள்."

"முதல் பூ விரியட்டும், அப்பனே. எண்ணிக்கையை எங்கிருந்து தொடங்குவேன்?"

"பூக்காவிட்டால்?"

"பூக்காவிட்டால் முதல் நாள் இல்லை. முதல் நாள் இல்லாமல் முப்பதாம் நாள் எப்படி வரும்? நீ பறவை, உனக்கு இது சற்றுக் கடினமாகத்தான் இருக்கும்."

"ஐயா சொன்னால் அதற்கு மறுபேச்சு உண்டா?" என்று நரி தலையை ஆட்டியது. குட்டை வறண்டிருக்கும்வரை வெப்பம் தணியாது. வெப்பம் தணியாதவரை நிழல் விலை இறங்காது. பண்டிதருக்கு மட்டும் அது நிழலைச் சும்மா கொடுத்தது.

அதற்கு ஐந்தாம் நாள் தென்கிழக்கில் வானம் கறுத்தது. கௌதாரி பறந்தோடி வந்தான்.

"மேகம், பண்டிதரே! மலைபோல் வருகிறது. இப்போது எல்லோரும் இறங்கினால்கூடப் பாதி மண்ணை அள்ளிவிடலாம்!"

பண்டிதர் நிதானமாகக் கொன்றையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். மறுபடியும் கொன்றையைப் பார்த்தார்.

"கொன்றை பூக்கவில்லை. ஆகவே அது மேகமல்ல."

"இடிக்கிறதே!"

"சத்தம் வேறு, மழை வேறு."

காட்டுப்பன்றி குட்டையின் கரைவரை போய்ப் பண்டிதரைத் திரும்பிப் பார்த்தது. சந்தையிலிருந்து தள்ளிவைப்பார்களே என்ற பயத்தில் அங்கேயே நின்றது. முயலும் நின்றது. பண்டிதர் எட்டாம் விலக்கைச் சொல்ல வாயைத் திறந்தார். வாய்க்குள் முதல் துளி விழுந்தது.

முன்பெல்லாம் அங்கே மழை பன்னிரண்டு நாள் தூறும்; மண் மெல்ல மெல்லக் குடிக்கும். அன்று பன்னிரண்டு நாள் மழையும் ஒரு பகலுக்குள் கொட்டித் தீர்த்தது. தூர்ந்துபோன குட்டை ஒரு தட்டைவிட ஆழமில்லை. தட்டில் ஆற்றைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? தண்ணீர் கரை தாண்டிச் சரிவில் பாய்ந்தது. எறும்புகள் காயவைத்திருந்த விதைகளை வாரிக்கொண்டு போனது. அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி, வழியில் இருந்த பண்டிதரின் வளைக்குள்ளும் புகுந்தது.

பண்டிதர் போய்ப் பார்த்தபோது, அவருடைய குடும்பத்தின் முட்கள் எல்லாம் வாசலில் மிதந்து சுழன்றுகொண்டிருந்தன. எந்த முள் எந்த ஆண்டு என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

மறுநாளே வெயில் திரும்பியது. குட்டையில் நின்ற ஒரு சாண் தண்ணீர் ஒன்பதே நாளில் சேறானது. பத்தாம் நாள் பாளம் பாளமாக வெடித்தது.

கௌதாரி மறுபடியும் ஏரிக்குப் பறந்தான். உச்சிவெயிலில் திரும்பினான். குஞ்சுகள் ஓடிவந்து மார்பில் அலகை வைத்தன. இறகு முழுவதும் உலர்ந்திருந்தது. மூன்றாவது குஞ்சு, தண்ணீர் இருக்கும் என்று நம்பிக்கொண்டு, உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

அவன் மூன்றையும் நடத்திக்கொண்டு சந்தைக்கு வந்தான். எல்லா விலங்குகளும் அங்கேதான் இருந்தன. பண்டிதர் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"பத்து நாளாக நான் புதரடியில் படுக்கிறேன்! கேட்க ஒரு நாதி உண்டா? குட்டைத் தண்ணீர் வற்றிவிட்டதாம், பெரிய செய்தி! என் வீட்டுத் தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லையே, அதற்கு என்ன பதில்? கழுத்தளவு நிற்கிறது! தெளிந்து வேறு போய்விட்டது. எட்டிப் பார்த்தால் என் முகமே தெரிகிறது! யாராவது வந்து இறைத்துக் கொட்டுங்கள்!"



முதலில் புரிந்துகொண்டது நரி. "ஐயோ பாவம்!" என்று ஓடிவந்தது. "இந்த வயதில் உங்களுக்கு ஈரம் ஆகுமா? அந்தப் பாழும் வளையை எனக்குக் கொடுத்துவிடுங்கள், ஐயா. பதிலுக்குப் பாறை நிழல் முழுவதும் ஆயுளுக்கும் உங்களுடையது. தண்ணீரை இறைக்கும் சிரமம்கூட உங்களுக்கு வேண்டாம். அதை நானே பார்த்துக்கொள்கிறேன்."

"உனக்குத்தான் எவ்வளவு நல்ல மனம்!" என்றார் பண்டிதர். "சரி, எடுத்..."

"பண்டிதரே," என்றான் கௌதாரி. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "கழுத்தளவு என்றீர்களே. உங்கள் கழுத்தா, என் கழுத்தா?"

"என் கழுத்துத்தான். ஏன்..."

பண்டிதர் அவனைப் பார்த்தார். அவன் மார்பைப் பார்த்தார். கீழே குனிந்து, திறந்தபடியே இருந்த மூன்று சிறிய அலகுகளைப் பார்த்தார். அவருடைய முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன.

"காட்டிலேயே ஆழமான குழி," என்று முணுமுணுத்தார். "களிமண் பூசியது. வெயில் படாதது. அதில் தண்ணீர் நிற்கிறது என்று பத்து நாளாக நான் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கிறேன்."

"ஐயா, நம் பேச்சு?" என்றது நரி.

"நான் முட்டாள்தான், நரியாரே. ஆனால் இன்றைய முட்டாள்தனத்தின் பங்கு முடிந்துவிட்டது."

அவரே முன்னால் ஓடினார். வளையின் வாசலைப் பறித்து அகலமாக்கி, குஞ்சுகள் இறங்குவதற்குச் சரிவு வெட்டினார். மூன்றும் இறங்கின. இவ்வளவு ஆழமான தண்ணீரைப் பார்த்ததே இல்லை என்பதால் முதலில் பயந்தன. பிறகு அலகை அமிழ்த்தின. மூன்றாவது குஞ்சு விக்கும்வரை குடித்தது.

"வாழ்நாளெல்லாம் மழையை ஆராய்ந்திருக்கிறேன்," என்றார் பண்டிதர், சேறு வழியும் மூக்கோடு. "உருப்படியாக நான் செய்த ஒரே காரியம், வீட்டைத் தப்பான இடத்தில் வைத்துக்கொண்டது. அதுவும் என் மூதாதையர் செய்தது."

"அதை ஒன்பதாம் விலக்காக வைத்துக்கொள்ளுங்கள்," என்றாள் எறும்புத் தலைவி. "எட்டாவதுதான் வாய்க்குள்ளேயே நனைந்துவிட்டதே!"

பண்டிதர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு வறண்ட குட்டைக்குப் போய், நாள் பார்க்காமல், அதற்குள் குதித்தார். வழக்கம் உடைந்தது. காட்டுப்பன்றி குதித்தது. முயல் குதித்தது. புழுதிக்காற்று மூடினால் மறுபடியும் அள்ளுவது என்று முடிவாயிற்று. அந்த வளையைவிட ஆழமாக வரும்வரை நிறுத்துவதில்லை என்றும் முடிவாயிற்று. வேலை செய்கிறவர்களுக்கு நிழல் இலவசம் என்று நரியும் அறிவித்தது. வாங்க ஆள் இல்லாததால்தான்.

நான்காம் நாள் முயல் மண் தள்ளுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தது. கொன்றையில் ஒரே ஒரு கொத்து, மஞ்சளாக விரிந்திருந்தது.

குட்டைக்குள் எல்லோரும் காலும் மண்ணுமாக அப்படியே நின்று பண்டிதரைப் பார்த்தார்கள்.

பண்டிதர் கொன்றையை வெகுநேரம் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். பிறகு குனிந்து மண்ணை அள்ளத் தொடங்கினார்.

நீதி: வானமே தன் பழக்கத்தை மாற்றிக்கொண்ட பிறகும் பழைய கணக்கை விடாதவர் வீட்டில்தான் வெள்ளம் முதலில் புகும்.