ஜாமீன் கையெழுத்து

கோவில்பட்டியில் பேங்குக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் செல்லத்துரை அண்ணாச்சி. வயது முப்பத்தைந்துதான், ஆனாலும் அவருக்குச் சீடர்கள் உண்டு. ஜெராக்ஸ் கடைக்காரருக்குச் சீடர்களா என்று சிரிக்காதீர்கள். பாதி ஊரின் வண்டவாளம் அவர் கை வழியாகத்தான் போகிறது. அதனால் புத்தி கேட்க நாலு பேர் வரத்தான் செய்வார்கள்.

அந்த நாலு பேரில் அவசரக்காரன் மாரீஸ்வரன். இன்ஜினியரிங் முடித்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. பொங்கல் லீவுக்கு வந்தவன் மறுநாளே கடையில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். சம்பளம் இருபத்திரண்டாயிரம். ரூம் வாடகை, மெஸ், பைக் டியூ, போன் டியூ எல்லாம் போக இருபதாம் தேதிக்கு மேல டீக்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கு. காலேஜ் லோன் வேற நிக்குது. கட்டவா, விடவா?"

"எத்தனை மாசமா நிக்குது?"

"ஆறு மாசம். தேர்தல் வருதுல்லா? தள்ளுபடி பண்ணிட்டா, கட்டுனவன்தான ஏமாளி?"

அண்ணாச்சி டிராயரைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். முதல் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"அது கிடக்கட்டும். ஒரு பையன் இன்ஜினியரிங் படிக்க நாலு லட்சம் லோன். கூட ஒரு ஆள் கையெழுத்துப் போடணும். நீ போடுதியா?"

"பையன் யாரு?"

"ஊர்ப் பையன்தான்."

"நல்லாப் படிப்பானா?"

"சுமாரு."

"வேலை கிடைக்குமா?"

"யாரு கண்டா?"

"கிடைச்சா ஒழுங்காக் கட்டுவானா?"

"அதுவும் தெரியாது. அவன் கட்டலேன்னா கையெழுத்துப் போட்டவன் கட்டணும்."

மாரீஸ் சிரித்தேவிட்டான். "நல்ல கதையா இருக்கே! வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விடச் சொல்லுதீங்க."

"படிச்சுப் பாத்துட்டுப் போடேன்."

"படிச்சா சுத்தமாப் போடமாட்டேன். இதுல கையெழுத்துப் போடுதவன் கிறுக்கனாத்தான் இருக்கணும், அண்ணாச்சி."

அண்ணாச்சி கையை எடுத்தார்.

முதல் பக்கத்தில் மாரீஸின் போட்டோ இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முந்தையது, அப்போது மீசைகூட முளைக்கவில்லை. அவன் பக்கங்களைப் புரட்டினான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாலை நீட்டி இழுத்த அவனுடைய இங்கிலீஷ் கையெழுத்து. பக்கத்தில் ஒரு கைநாட்டு. அதன் கீழே வெயிலுமுத்து என்று அவன் அப்பா பெயரை யாரோ எழுதியிருந்தார்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்கித் தேய்ந்த விரல், ரேகைகூடச் சரியாக விழவில்லை. பதினேழு பக்கமும் அப்படித்தான்.

மாரீஸுக்குப் பெற்ற அப்பனைக் கிறுக்கன் என்று சொல்லிவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

"இது எப்படி உங்ககிட்ட?"

"திங்கக்கிழமை உங்கப்பா வந்தாரு. பேங்க்லருந்து அவரு பேருக்கு நோட்டீஸ் வந்திருக்கு. பத்து நாள்ல பாக்கியைக் கட்டலேன்னா கேஸுன்னு போட்டிருக்கு. படிக்கச் சொன்னாரு, படிச்சேன். பழைய லோன் பாரத்தையும் சேத்து ஜெராக்ஸ் எடுத்து வைங்க, வந்து வாங்கிக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போனாரு."

"திங்கக்கிழமையா? நேத்து பக்கத்துல உக்காந்துதான் சாப்பிட்டாரு. ரெண்டு மீன் துண்டை எடுத்து என் தட்டுல வச்சாரு. ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணாச்சி."

அண்ணாச்சி காகிதங்களை அடுக்கினார். வாசலில் ஆதார் கார்டோடு வந்து நின்ற ஒரு பெண்ணைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

மாரீஸ் மெதுவாகக் கேட்டான்.

"படிச்சுச் சொன்னதும் அப்பா என்ன சொன்னாரு? என்னை ஏசினாரா?"

"இல்லப்பா. 'இப்ப நான் எங்கன கைநாட்டு வைக்கணும்'னு கேட்டாரு."