கல்லறைத் தோட்டத்து மண்வெட்டி

ஒரு காலத்தில், பனங்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு கிறிஸ்தவ வேதக்கோயிலில் ஒரு மண்வெட்டி இருந்தது. அதற்கு ஒரே வேலைதான். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட வேண்டும். ஊரில் யார் செத்தாலும் அதைத் தேடி வருவார்கள். மற்ற நாளெல்லாம் அது சாமான் அறையின் மூலையில் சாய்ந்து நிற்கும்.

அதே அறையில் தோட்டத்து மண்வெட்டி ஒன்றும் இருந்தது. அது ரோஜாவுக்குப் பாத்தி கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஊர் முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அசன விருந்துக்கு அடுப்புக்குழி தோண்டும். சாவுக்குழி வெட்டிய மண்வெட்டி அசனத் தரையில் படக்கூடாது என்பது அங்கே வழக்கம். இப்படி ஒரு வழக்கம் வேதத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

அசனக் கரண்டிக்கு இதில் பரம சந்தோஷம். ஆள் உயரத்துக்கு இருக்கும் அந்தக் கரண்டி, "கொஞ்சம் தள்ளி நில்லும் வே. உம்ம வாடை பட்டா கறிக்குழம்பு ஊசிப்போகும்" என்று சொல்லும்.

"உன் குழம்பைக் குடிச்சவன் எல்லாம் கடைசியிலே என்கிட்டேதான் வந்தான்" என்று மண்வெட்டி திருப்பிக் கொடுக்கும்.

வாய்தான் அப்படி. உள்ளுக்குள் அதற்குப் பொறுக்கவில்லை. "எசமானே, உலையில் போட்டு அடித்தபோதே என்னை இதற்கென்று குறித்துவிட்டீர். சரி. எதிர்த்துப் பேசவில்லை. ஒரே ஒருநாள் அடுப்புக்குழி வெட்டவிட்டால் உமக்கு என்ன குறைந்துவிடும்?" என்று இருட்டு மூலையில் நின்று கடவுளிடம் கேட்கும். பதில் வந்ததில்லை.

அந்த வருஷம் கோயில் நிர்வாகத்துக்குச் சபைத் தேர்தல் நடந்தது. ஊர் இரண்டு கட்சியாகப் பிளந்தது. தோற்ற கட்சிக்காரர்கள் ஜெயித்த கட்சியின் அசனத்தைக் கெடுக்க வேண்டும் என்று தோட்டத்து மண்வெட்டியைத் தூக்கிப் போய் எங்கேயோ ஒளித்துவைத்தார்கள். கிறிஸ்துவின் சரீரமாகிய சபை இரண்டாகப் பிளந்து ஒரு மண்வெட்டியை ஒளித்து விளையாடியது.

அசனத்தன்று காலையில் புதுச் செயலாளர் சாமிதுரை அறைக்குள் வந்தார். சுற்றிலும் பார்த்தார். "வழக்கமாவது மண்ணாவது. அந்தச் சாவு மம்பட்டியை எடுத்து சோப்புப் போட்டுக் கழுவுங்கடே" என்றார்.

கழுவினார்கள். மண்வெட்டிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெயிலில், பிள்ளைகள் ஓடுகிற தரையில், மல்லியும் பட்டையும் மணக்கிற காற்றில் அது முதன்முதலாக மண்ணைத் தொட்டது. பாதி அடுப்புக்குழி வெட்டியாகிவிட்டது.

அப்போது குழிவெட்டும் வேதக்கண் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, ஓடைக்கரை ஞானவடிவு போய்ட்டா. மம்பட்டியைத் தாங்க."

"யாரு, கோயில் பெருக்குவாளே அவளா? அசனம் முடியட்டும் வே. செத்தவளுக்கு என்ன அவசரம்?"

"வடக்கே பாருங்க, எப்படிக் கறுத்திருக்குன்னு. மழை விழுந்தா ஓடை அவ குடிசைக்குள்ளேதான் வரும். பொணம் தண்ணியிலே மிதக்கும் அண்ணாச்சி."

"அப்ப நீரே போய்ப் பக்கத்திலே உக்காந்து பிடிச்சுக்கிடும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாமிதுரை மண்வெட்டியை ஓங்கினார்.

மண்வெட்டி எல்லாவற்றையும் கேட்டது. ஒரு நாள்தானே, என்று அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. இத்தனை காலம் காத்துக் கிடைத்த ஒரே நாள். நான் போகாவிட்டால் அவளுக்கு வேறு யாராவது வெட்ட மாட்டார்களா? யோசித்துப் பார்த்தது. யாரும் இல்லை. அடுப்புக்குழி வெட்ட ஆயிரம் கை உண்டு.

ஒரு கருவி தன் எண்ணத்தைச் சொல்ல ஒரே வழிதான் இருக்கிறது. மண்வெட்டி பிடியிலிருந்து கழன்று விழுந்தது. சாமிதுரை பொருத்தினார். ஓங்கினார். மறுபடியும் கழன்று, அவர் கால்விரலுக்கு ஓரமாக விழுந்தது.

"சனியன்! சாவுச் சாமானைத் தொட்டது என் தப்புடே!" என்று தூக்கி எறிந்தார்.

வேதக்கண் எடுத்தார். ஒரு சின்ன ஆப்பு வைத்துத் தட்டினார். கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. மீதி அடுப்புக்குழியைக் குச்சியாலும் கையாலும் தோண்டிவிட்டார்கள். குழம்பு நன்றாகவே கொதித்தது. மண்வெட்டி இல்லையே என்று ஒருவரும் தேடவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் வேதக்கண்ணோடு மண்வெட்டியும் கடப்பாரையும் மட்டும்தான். இடுப்பளவு இறங்கியதும் பாறை தட்டியது. மூன்றாவது வெட்டில் மண்வெட்டியின் முகத்தில் பாதி உடைந்து தெறித்தது.

கடப்பாரை தளர்ந்துபோய்ச் சொன்னது: "போதும் வே. இடுப்பளவு வந்தாச்சு. யாரு அளக்கப் போறா?"

"நாய் அளக்கும்" என்றது மண்வெட்டி.

பாறையைக் கடப்பாரை நெம்ப, பாதி முகத்தோடு மண்வெட்டி அள்ள, வேதக்கண்ணின் தலை தரைக்குக் கீழே மறையும்வரை போனார்கள். முதல் தூறல் விழும்போது ஓடைக்கரை ஆட்கள் நாலுபேர் ஞானவடிவைச் சுமந்து வந்தார்கள். சபைப் போதகரான ஐயர் அசனப் பந்தியை விட்டு வந்து, குடை பிடித்தபடி அவசரமாக ஜெபித்துவிட்டுத் திரும்பினார். இரண்டு கட்சியிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. செத்தவளுக்கு ஓட்டு இல்லை.

மண்ணைத் தள்ளி மூடியதும் வேதக்கண் மழைக்கு ஒதுங்கினார். மண்வெட்டி குழிமேட்டில் நனைந்தபடி கிடந்தது. கோயில் பக்கத்தில் ஒலிபெருக்கி அலறியது. அரிசி கொடுத்தவர், ஆடு கொடுத்தவர், பந்தி பரிமாறியவர் எல்லாருக்கும் பேர் சொல்லி நன்றி கூறியது.

மண்வெட்டிக்கு வாய் கசந்தது. அடியில் கிடந்த மண்ணிடம் கேட்டது: "நான் பண்ணினதை எசமான் பாத்தாரா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இருட்டிலே கிடக்கிறவ" என்றது மண்.

"உனக்கும் தெரியாதா? அப்ப நான் யாருக்காகத்தான் வெட்டினேன்?"

மண் சற்று நேரம் மழையைக் குடித்தது. பிறகு சொன்னது:

"ஒண்ணு மட்டும் தெரியும். நீ வெட்டுற சத்தம் கேக்கும்போதெல்லாம் எனக்குள்ளே படுத்திருக்கிறவங்க அத்தனை பேரும் புரண்டு, 'விடிஞ்சிட்டா? நம்மளை எழுப்பத்தான் தோண்டுறாங்களா?'ன்னு கேப்பாங்க. இன்னைக்கும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"'இன்னும் இல்லை, படுங்க'ன்னு சொன்னேன். 'ஆனா மேலே வேலை நிக்கலை'ன்னும் சொன்னேன்."