ஆமையின் லினக்ஸும் ஊதாத சங்கும்

மருதங்காட்டின் நடுவே ஒரு குளம். குளத்தின் நடுவே ஒரு மண்திட்டு. அந்தத் திட்டில், கோரைப்புல்லுக்குள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது ஒரு கானாங்கோழி.

குளத்துக்குத் தண்ணீர் மேட்டு ஓடையிலிருந்து வரும். மழைக்காலத்தில் அது திடீரென்று புரண்டு வந்து திட்டையே மூழ்கடித்துவிடும். அதனால் விலங்குகள் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. ஓடையில் தண்ணீர் ஏறினால், அங்கே நட்டிருந்த கருவி கரையில் இருக்கும் ஆமையின் கணினிக்குச் சேதி அனுப்பும். உடனே கணினியோடு இணைத்த பழைய ஒலிபெருக்கியில் சங்கு ஊதும். சங்கு கேட்டதும் கானாங்கோழி தன் குஞ்சுகளை நீந்தவைத்துக் கரை சேர்த்துவிடும்.

ஆமையின் கணினிக்கும் ஆமையைப் போலவே வயதாகிவிட்டது. ஒருநாள் திணறித் திணறி நின்றே போனது. ஆமை அதை முதுகில் ஏற்றிக்கொண்டு கணினிக்கடை நரியிடம் போனது.

நரி பெட்டியைத் தட்டிப் பார்த்தது. “புது இயங்குதளம் இதுல ஏறாது ஆமையாரே! தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க!”

“என் ஒலிபெருக்கி?”

“புது இயங்குதளத்துக்கு அது யாருன்னே தெரியாது. அதையும் தூக்கிப் போடுங்க!”

ஆமைக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பும் வழியில் அதன் வாடிய முகத்தைப் பார்த்து முள்ளம்பன்றி விசாரித்தது.

“இதுக்கா அண்ணே இவ்வளவு கவலை? லினக்ஸ்னு ஓர் இலவச இயங்குதளம் இருக்கு, போட்டுப் பாப்போம்! பழைய பெட்டின்னா அதுக்குத் தனிப் பிரியம். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்திக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நீங்களும் கொஞ்சம் கத்துக்கணும்!”

ஆமை கற்றுக்கொண்டது. கறுப்புத் திரையில் கட்டளைகளை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியது. தப்பாகத் தட்டிக் கணினியிடம் திட்டு வாங்கியது. இணையத்தில் இருந்த காட்டு லினக்ஸ் குழுவில் கேட்டுக் கேட்டுத் திருத்தியது. கடைசியில் ஒலிபெருக்கியில் சங்கு ஊதியபோது, அது தன் ஓட்டுக்குள்ளேயே துள்ளிக் குதித்தது. அந்த மகிழ்ச்சி நியாயமானதுதான். தூக்கிப் போடச் சொன்ன பெட்டியைத் தன் கையாலேயே எழுப்பியிருக்கிறதே!

அதோடு நின்றிருந்தால் கதையும் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நம் ஆமைக்குத் தலைகால் புரியவில்லை.

மயிலிடம் ஓர் அழகான கணினி இருந்தது. தொட்டால் வழுக்கும், திறந்து பார்க்க ஒரு திருகாணிகூடக் கிடையாது. ஆமை அதைப் பார்த்து, “இது கணினியா, நகைப்பெட்டியா?” என்று கேட்டது. மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

பிறகு முயலைப் பிடித்துக்கொண்டது. முயலின் மடிக்கணினியில், வாங்கும்போதே போட்டுக் கொடுத்த இயங்குதளம்தான் இருந்தது.

“நீ இன்னுமா இதை வெச்சுக்கிட்டிருக்கே? நினைச்ச நேரத்துல புதுப்பிக்கிறேன்னு அதுபாட்டுக்கு அணைஞ்சு போகுதே. அது உன் கணினியா, நீ அதோட வேலையாளா?”

“எனக்கு இது போதும் அண்ணே,” என்றது முயல். “திறந்தா படம் வரையலாம், பாட்டுக் கேக்கலாம். அணைஞ்சா நான் போய் ரெண்டு வாய் புல்லு மேஞ்சுட்டு வருவேன்.”

“புல்லு மேய்றவனுக்கு லினக்ஸ் எங்கே புரியப் போகுது!”

முயலுக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு அது ஆமை இருக்கும் பக்கமே வரவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலை, குழுவில் யாரோ புதிதாக ஓர் ஒலி மென்பொருள் வந்திருப்பதாக எழுதியிருந்தார்கள். ஆமையின் சங்கு நன்றாகத்தான் ஊதிக்கொண்டிருந்தது. ஆனாலும் லினக்ஸ்காரரின் கை சும்மா இருக்குமா? பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டது. ஊதிப் பார்க்கவில்லை. திரையில் பின்னணிப் படத்தை மாற்றி அழகு பார்த்துக்கொண்டிருந்தது.

நண்பகலில் வானம் இருண்டு மழை கொட்டியது. திரையில் சிவப்பு எழுத்துகள் மின்னின. “ஓடையில் தண்ணீர் ஏறுகிறது!”

சங்கு ஊதவில்லை.

ஆமை அங்கே தட்டியது, இங்கே தட்டியது. பதற்றத்தில் கணினியை அணைத்துத் திரும்பப் போட்டது. இப்போது படமும் போனது. இணையமும் போனது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் நின்றன.

“கானாங்கோழீ! கரைக்கு வா!” என்று கத்தியது. மழைச் சத்தத்தில் அது திட்டுவரை எட்டவில்லை. நீந்திப் போய்ச் சொல்லலாம் என்றால், ஆமை போய்ச் சேருவதற்குள் வெள்ளம் வந்துவிடும். அதற்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்தக் குரல், மழைக்காகப் பக்கத்துப் புதரில் ஒதுங்கியிருந்த முயலுக்குக் கேட்டது. அது ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒரு தேக்கிலையைத் தன் மடிக்கணினிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது.

“என்னாச்சு அண்ணே?”

“சங்கு ஊதல! குஞ்சுங்க திட்டுல இருக்கு!”

முயல் தன் கணினியில் ஒலிபெருக்கியைச் செருகிப் பார்த்தது. “இந்தக் கருவி தெரியவில்லை” என்று பதில் வந்தது.

“என்னோடதால ஊத முடியாது அண்ணே. ஆனா இணையம் இருக்கு. உங்க குழுவுல கேட்டுப் பாக்கலாமா?”

கேட்டது. பதில்கள் வந்து குவிந்தன. “லினக்ஸில் எத்தனையோ வகை இருக்க, யார் உங்களை அந்த வகையைப் போடச் சொன்னது?” என்றது ஒரு குரங்கு. “எங்கள் வகையில் இந்தத் தொல்லையே கிடையாது!” என்றது ஓர் உடும்பு. இரண்டும் சண்டையைத் தொடங்கிவிட்டன.

“உங்க சண்டையைக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க!” என்று குறுக்கே புகுந்தது முள்ளம்பன்றி. “ஆமையண்ணே, திரையில கடைசி வரி என்ன?”

ஆமை படித்தது. முயல் அனுப்பியது.

“அவ்வளவுதானே! நீங்க எடுத்துட்டாலும் பழைய ஒலி மென்பொருளோட நகல் உங்க பெட்டிக்குள்ளேயே இன்னும் இருக்கு. நான் சொல்றதை அப்படியே தட்டுங்க!”

அந்த நேரம் பார்த்து முயலின் கணினி, “இப்போது புதுப்பிக்கலாமா?” என்று கேட்டது. முயல் ஆமையின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “பிறகு” என்பதை அழுத்தியது. ஆமை தன் திரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டது.

முயல் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தது. ஆமை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியது. கடைசி எழுத்தையும் தட்டி முடித்தது.

“பூ... ஊ... ஊ... ம்!”

காடே அதிர்ந்தது. கோரைப்புல் விலகியது. கானாங்கோழி முன்னே நீந்த, கறுப்புப் பஞ்சு உருண்டைகளாகக் குஞ்சுகள் பின்னே வந்தன. கடைசிக் குஞ்சு தடுமாறிக் கரையேறவும், ஓடைத் தண்ணீர் இரைந்து வந்து திட்டை மூடவும் சரியாக இருந்தது.

ஆமை முயலின் பக்கம் திரும்பியது. “தம்பி, அன்னைக்கு நான் பேசினது தப்பு. என்னை மன்னிச்சுடு.”

“விடுங்க அண்ணே! ஆனா அந்தக் கறுப்புத் திரை நல்லாத்தான் இருக்கு. எனக்கும் ஒருநாள் கத்துக் கொடுங்க. என் கணினியை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க!”

“சொல்ல மாட்டேன்,” என்றது ஆமை. சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டது.

“உங்க ரெண்டு பேர் பெட்டியில எது உசத்தின்னு எனக்குத் தெரியாது,” என்றது கானாங்கோழி, நனைந்த குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டே. “சங்கு கேட்டுச்சு. என் பிள்ளைங்க அத்தனையும் இங்கே இருக்கு!”

நம் கருவியை நாம் எவ்வளவு வேண்டுமானாலும் நேசிக்கலாம். ஆனால் அடுத்தவர் கருவியை இளக்காரம் செய்பவர், ஆபத்தில் தமக்கு உதவ வரும் கையைத் தாமே தட்டிவிடுகிறார்.