பெண் ஈ இல்லாத பேரினம்

"பொம்பள ஈ கெடைக்கவே இல்ல மேடம்," என்றான் செல்வின்.

பேராசிரியை குமுதவல்லி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க தேடின?"

"காடு முழுக்க."

அவர்கள் படிப்பது சிப்பாய் ஈக்களை. முதுகில் முள் உண்டு, யாரையும் கடிக்காது. சிப்பாய் என்று பெயர் மட்டும்தான்.

அதில் பச்சையாக மின்னும் ஒரு வகை வேறெதிலும் சேராது என்று தனிப் பேரினம், அதாவது ஜீனஸ், அமைத்து அதற்குப் பெயரும் வைத்தவர் குமுதவல்லி. ஈ படிக்கிறவர்களுக்கு அவரை அந்த ஒரு பெயரால்தான் தெரியும். ஒரே குறை, கிடைத்ததெல்லாம் ஆண். பெண்ணைத் தேடத்தான் செல்வினை மலைக்கு அனுப்பியிருந்தார்.

"காட்டுல தேடினவன் பையில ஏன் அழுகின பலாப்பழ நாத்தம் அடிக்குது?"

செல்வினுக்கு வியர்த்தது.

"அந்தப் பழத்துல ஈப்புழு வளர்த்தேன் மேடம்."

"என்ன வந்துச்சு?"

செல்வின் பையைப் பின்னால் தள்ளினான்.

"எடு வெளிய."

வாயில் வலை கட்டிய பாட்டிலை மேஜைமேல் வைத்தான். உள்ளே பச்சை ஈக்களும் பழுப்பு ஈக்களும் கலந்து ஊர்ந்தன.

"எல்லாம் ஒரே கொத்து முட்டையில வந்தது மேடம்."

பச்சை எல்லாம் ஆண். பழுப்பு எல்லாம் பெண். பழுப்புக்கு, குமுதவல்லி பிறப்பதற்கு முன்பே யாரோ வேறொரு பேரினப் பெயர் வைத்திருந்தார். அதில் கிடைத்ததெல்லாம் பெண். இரண்டும் ஒன்றென்றால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். அது விதி.

"எப்போ தெரிஞ்சுது?"

"போன வருஷமே. நம்ப முடியாம இன்னொரு தடவ வளர்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"அது உங்க பேரு மேடம். நான் எப்படி..." அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவர்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். "வர்ற வழியில தொறந்து விட்டுடலாம்னு பார்த்தேன்."

"விட வேண்டியதுதானே?"

"முடியல."

குமுதவல்லி எழுந்து அலமாரியைத் திறந்தார். தன் பேரினத்தின் இழுப்பறையை உருவி மேஜைமேல் வைத்தார். குண்டூசியில் குத்திய பச்சை ஈக்கள் வரிசையாக இருந்தன. பழைய பேரினத்தின் இழுப்பறை அதற்கு நேர் கீழே இருந்தது. அதையும் உருவினார்.

பச்சை ஈக்களை ஊசித் தலையைப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்து, பழுப்பு ஈக்களுக்குப் பக்கத்தில் குத்தினார். அவசரப்படவில்லை.

முதல் இழுப்பறை காலியானது.

"மன்னிச்சிருங்க மேடம்," என்றான் செல்வின்.

"என்கிட்ட எதுக்குடா?"

குமுதவல்லி நிறைந்த இழுப்பறையைக் குனிந்து பார்த்தார்.

"பாவம். ஒரே அலமாரிக்குள்ள இத்தன வருஷமா புருஷனையும் பொண்டாட்டியையும் பிரிச்சு வெச்சிருக்கேன்."