ஏமாற்ற ஓர் அனுமதி

வெகுகாலத்துக்கு முன்னே, மூன்று ஆண்டு தொடர்ந்து மழை பொய்த்த ஒரு நாட்டில், அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை பிறந்தது. இதுவரை காணாத ஒன்றைக் கண்டே தீர வேண்டும் என்றார். அவருடைய விகடகவி சாத்தப்பன் சந்தையில் வித்தை காட்டிக்கொண்டிருந்த வீராயியைச் சபைக்கு அழைத்து வந்தான்.

வீராயி கும்பிட்டாள். "மகாராஜா, தங்கள் கண்ணை ஏமாற்றப் போகிறேன். அனுமதி வேண்டும்."

"முடிந்தால் ஏமாற்று" என்றார் அரசர்.

அவள் ஒரு காய்ந்த மாங்கொட்டையை மண்ணில் புதைத்து, வெறுங்கூடையால் மூடினாள். கூடையை எடுத்தபோது இரண்டு தளிர் நின்றது. மறுபடி மூடி எடுத்தபோது முழங்கால் உயரக் கன்று. மூன்றாம் முறை அதில் ஒரு பழம் தொங்கியது. அரசர் கடித்தார், சாறு முழங்கை வரை வழிந்தது. சாமரம் வீசுகிறவர்கள் வீச மறந்து நின்றார்கள்.

அவளை அழைத்து வந்த சாத்தப்பனுக்கு இவ்வளவு புகழ் கிடைப்பது ஆஸ்தான ஜோதிடர் அரிகரருக்குப் பொறுக்கவில்லை. அவர் எழுந்தார். "அரசே, இவளிடம் தெய்வசக்தி இருக்கிறது. காய்ந்துபோன தோப்புகளை எல்லாம் இவளே தளிர்க்க வைக்கட்டும்."

அரசரின் முகம் மலர்ந்தது. "நாளைக்கே தொடங்கு, பெண்ணே."

"மன்னிக்க வேண்டும்" என்றாள் வீராயி. "இது வெறும் கைத்திறன். முடியும் என்று நான் சொல்லிவிட்டால், குடியானவர்கள் கிணறு வெட்டுவதை விட்டுவிட்டு என் கூடையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளை குட்டிகள் பட்டினி கிடக்கும்."

அரிகரர் இதற்குத்தான் காத்திருந்தார். "அப்படியானால் அரசரை ஏமாற்றியிருக்கிறாள். அப்படி ஏமாற்றிய கையை வெட்ட வேண்டும் என்பது சட்டம். அழைத்து வந்தவனுக்கும் அதே தண்டனை."

அரசர் வீராயியின் பக்கம் திரும்பினார். பிறகு, "மெய்யென்றால் தோப்பைத் தளிர்க்க வை. பொய்யென்றால் சட்டம் சட்டம்தான்" என்றார்.

தன் கையைச் சாத்தப்பன் நினைக்கவில்லை. ஒரு சபையையே மூச்சடக்கி நிற்கவைத்த அந்த இரண்டு கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் வந்தான்.

"சட்டப்படியே நடக்கட்டும், அரசே. வித்தைக்கு முன்னால் இவள் என்ன சொன்னாள்?"

"ஏமாற்றப் போகிறேன் என்றாள்."

"தாங்கள் என்ன சொன்னீர்கள்?"

"முடிந்தால் ஏமாற்று என்றேன்."

"அது அரச கட்டளை. அந்த மரம் மெய்யாக முளைத்திருந்தால், இவள் சொன்ன சொல்லும் பொய், கட்டளையை மீறிய குற்றமும் சேரும். இரண்டு கையையும் வெட்டலாம். மரம் பொய்யாகப் போனதால் இவள் மெய் சொன்னவள் ஆகிவிட்டாள். எந்தக் கையை வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை."

சபையில் சிரிப்பு கிளம்பியது. சாத்தப்பன் ஜோதிடர் பக்கம் திரும்பினான்.

"ஜோதிடரே, மழை வரும் என்று ஏழு யாகம் செய்தீர்கள். ஒரு தடவையாவது 'ஏமாற்றப் போகிறேன், அனுமதி வேண்டும்' என்று கேட்டீர்களா?"

"நான் யாரையும் ஏமாற்றவில்லை" என்றார் அரிகரர்.

"நல்லது. மழை எங்கே?"

அரிகரர் அண்ணாந்து பார்த்தார். மேலே மண்டபத்தின் கூரைதான் இருந்தது. அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். யார் கையையும் வெட்ட வேண்டாம் என்றும், தண்ணீர் ஊறும் வரை ஜோதிடர் குடியானவர்களோடு நின்று கிணறு வெட்ட வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார். வீராயியின் இரண்டு மணிக்கட்டுக்கும் பொன் காப்புப் போடச் சொன்னார்.

"உனக்கு என்ன வேண்டும், சாத்தப்பா?"

"ஒரு வித்தையைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும், அரசே. அது போதும்."

வீராயி அவன் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மணலை வைத்து, விரல்களை மடக்கச் சொன்னாள். பிறகு இரண்டடி விலகி நின்றாள். சாத்தப்பன் கண் கொட்டாமல் தன் மூடிய கையையே பார்த்தான். அரசரும் சிங்காசனத்தை விட்டு இறங்கி வந்து குனிந்து பார்த்தார். உள்ளே ஏதோ மெல்ல அசைந்தது. விரலைப் பிரித்தான்.

மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று சிறகை ஒருமுறை மூடித் திறந்து, எழும்பி, சாளரத்தின் வழியே வெயிலுக்குள் போயிற்று. அது எப்போது கைக்குள் வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.